வானம் உறுமினால்

தங்கத்தாயக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒரு கண்காட்சியை இருட்டாக்கினாள். டெல்லியிலிருந்து வந்த ஓவியர் ஒருத்தர் சுவரில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தார். கடல் அலை வருவதும் போவதும், அவ்வளவுதான் வீடியோ. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் எங்கேயோ இடி முழங்கியது. அடுத்த மூச்சுக்குள் கரண்ட் போய்விட்டது. வாசலில் மெயின் சுவிட்ச் கைப்பிடியைப் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டு, "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். என்னவோ ஏதோவென்று பட்டுச்சேலையும் ஜிப்பாவுமாக அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓடினார்கள். ஓடி வந்தவர்களை அக்கா ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

சிவகாசியில் இந்த இடத்துக்குக் கிட்டங்கி என்றுதான் பெயர். போர்டில் ஆங்கிலத்தில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது, அதை ஒருவரும் சொல்வதில்லை. காலண்டர் கம்பெனிக்காரர்கள் பேப்பர் பண்டல் அடுக்கி வைத்திருந்த கட்டடம். அந்தக் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண் ஹர்ஷினி வடக்கே போய் ஓவியம் படித்துவிட்டு வந்து, அப்பாவிடம் சண்டை போட்டுக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து கேலரி ஆக்கினாள். கீழே கண்காட்சி. மேலே வெளியூர் ஓவியர்கள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்ய அறை. அதற்கு ரெசிடென்சி என்று பெயர் வைத்தாள். ஊரில் லாட்ஜுக்கும் அதுதான் பெயர் என்பதால் கல்யாண சீசனில் ரூம் கேட்டு ஆட்கள் வருவார்கள். அக்காதான் சிரிக்காமல் திருப்பி அனுப்புவாள்.

நான் ராஜசிங். எலக்ட்ரீசியன். கிட்டங்கியில் ஒவ்வொரு கண்காட்சிக்கும் லைட் கட்டுவது நான்தான். எனக்கு இந்த நவீனக் கலை ஒன்றும் விளங்காது. உடைந்த நாற்காலியை நடுவில் போட்டு அதற்கு ஆறு லைட் கேட்பார்கள். கேட்டதைக் கட்டிக் கொடுப்பேன். ஆனால் தங்கத்தாயக்காவின் கதையை அவர்களில் யாரும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் அதற்கும் ஒரு நாற்காலியைப் போடுவார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

அக்காவுக்குத் தாயில்பட்டி. சின்ன வயதிலிருந்தே பட்டாசுக் கம்பெனி வேலை. மூச்சிரைப்பு வந்து, இனி வெடிமருந்து வாடையே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு கிட்டங்கிக்குச் சமைக்கவும் பெருக்கவும் வந்தாள். கம்பெனியை விட்டாளே தவிர கம்பெனி அவளை விடவில்லை. பட்டாசு ஷெட்டில் வானம் உறுமினால் வேலை கிடையாது. கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மெயினை இறக்கிவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அக்கா இங்கேயும் அதையே செய்தாள். ஷெட்டுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. இங்கேயும் ஒரு ஓலைப்பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு, கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் போனை வாங்கிப் போடப் பார்த்தாள். ஹர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது கேலரி, இங்கன வெடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று எத்தனையோ முறை சொன்னாள். அக்கா சரி சரி என்று தலையாட்டுவாள். அடுத்த இடிக்கு மெயின் இறங்கும்.

அவள் புருஷன் அய்யாதுரை அதே கம்பெனியில் போர்மேன். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் மெதுவாக வரும். சாயங்காலம் கம்பெனி வேன் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறக்கிவிட்டதும், கிட்டங்கி வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "என்ன மாமா, உள்ள வாங்க" என்றால், "எங்கால் தூசி உங்க வெள்ளைத் தரைக்கு ஆகாது மாப்ள" என்பார். அக்கா வேலையை முடித்துவிட்டு வரும்வரை அங்கேயே நிற்பார். பிறகு இரண்டு பேரும் பஸ் ஏறிப் போவார்கள்.

ஒரு சித்திரை மாதம் ஹரிஷ்குமார் என்று ஒரு பையன் ரெசிடென்சிக்கு வந்தான். சென்னை. தாடி, கழுத்தில் பெரிய ஹெட்போன். இவனுக்கு ஓவியம் கிடையாது, சத்தம்தான் கலையாம். பட்டாசுத் தொழிலாளிகளை ஒவ்வொருவராக இருட்டறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வான். ஆள் கிடைக்காமல் அல்லாடியபோது அக்காதான் தாயில்பட்டியிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் புருஷனையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகக் கிட்டங்கிக்குள் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்தார். அக்காவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார். என்ன பேசினீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனி ரகசியம்" என்று சிரித்தார்.

ஆடியில் அந்தக் கம்பெனி வெடித்தது.

அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மருந்து கலக்கும்போது உராய்வு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எப்போதும் அதைத்தான் போடுவார்கள். சத்தம் சிவகாசிக்குக் கேட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டைபோலக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அவிழ்த்துப் பார்க்க அங்கே முகம் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. "தூக்குச்சட்டியத் தூக்கிக்கிட்டு வேன் ஏறுனாக தம்பி. அதுக்கப்புறம் நான் அவுகளப் பாக்கவே இல்ல" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்துவிட்டாள். சமைத்தாள், பெருக்கினாள், ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். பேச்சு மட்டும் குறைந்துபோனது. சாயங்காலம் வேலை முடிந்தால் வாசலுக்கு வந்து, வழக்கமாக அவர் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. இடி இடித்தால் அப்போதும் மெயினை இறக்கினாள். அதைப் போய் இனிமேல் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. ஹர்ஷினியே மழை நேரத்தில் மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்துக்கொள்வாள்.

மறு வருஷம் ஹரிஷ்குமார் கண்காட்சி போட வந்தான். அறை முழுக்கக் கறுப்புத்துணி கட்டி, நடுவில் ஒரே ஒரு முக்காலி. இருட்டில் உட்கார்ந்தால் தொழிலாளிகளின் குரல் ஒன்றன் பின் ஒன்றாக வரும். கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யு.பி.எஸ் மெலிதாக முனகுகிறது, அது வேண்டாம் என்று கழற்றச் சொன்னான். கழற்றினேன். போனும் கூடாது, பதிவும் கூடாது என்றான். அக்காவின் ஓலைப்பெட்டிக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

நான் ஏணியில் நின்று ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கீழே பெருக்கிக்கொண்டிருந்தாள். ஹரிஷ்குமார் சோதனைக்காக ஒரு குரலை ஓட்டினான்.

"எம் பேரு அய்யாதுரை."

"இந்தா வாரேன்" என்று அக்கா பதில் சொல்லிவிட்டாள். விளக்குமாறும் கையுமாகக் கறுப்புத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். போய்ப் பார்த்தால் முக்காலி மட்டும் இருந்தது.

ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஹர்ஷினி சொல்லியிருப்பாள் என்று அவன் நினைத்தான், அவன் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்தாள். படித்தவர்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏணியிலிருந்து இறங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நிறுத்தாதீக தம்பி, ஓடட்டும்" என்றாள். அதனால் நானும் கேட்டேன். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"எம் பேரு அய்யாதுரை. தாயில்பட்டி. போர்மேனா இருக்கேன். வேலையப் பத்தி என்னத்தச் சொல்ல, காலைல வேன் வரும், ஏறுவோம். சாயந்தரம் கொண்டாந்து விடும்." ஒரு இருமல். "வானம் உறுமுச்சுன்னா மட்டும் ஒண்ணையும் பாக்கக்கூடாது. கையில இருக்கிறத மெதுவா வச்சிட்டு, மெயின எறக்கிட்டு, வெளிய வந்துரணும். இதத்தான் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்றது. முன்னால ஒருத்தி இருந்தா, பேப்பர்க் குழாய் போடுற ஷெட்டுல. இடி காதுல விளுகிறதுக்குள்ள மெயினு எறங்கியிருக்கும். மெயின எறக்குறதுல அவளுக்கு ஈடு இந்தச் சிவகாசியிலயே ஆளு கெடையாது. பயந்தாங்கொள்ளின்னு எல்லாப் பயலும் சிரிப்பானுக. நான் சிரிக்கல. நம்ம வீட்டுக்கு இப்பிடி ஒருத்திதான் வேணும்னு கட்டிக்கிட்டேன்." மெல்லச் சிரிக்கும் சத்தம். "போதுமா தம்பி?"

அவ்வளவுதான். அக்கா வெளியே வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கம்பெனி ரகசியமாம், கேட்டீகளா" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் முகம் தெளிந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கண்காட்சி புரட்டாசி முழுக்க நடந்தது. காலையில் திறப்பதற்கு முன்னால் அக்காவுக்காக நான் ஒருமுறை ஓட்டிவிடுவேன். பகலில் கூட்டம் இருக்கும்போதும், அவர் குரல் வரும் நேரம் பார்த்து அந்தப் பக்கம் பெருக்க ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். பார்வையாளர் ஒருத்தர் ஒளித்துவைத்துப் போனில் பதிவு செய்யப் பார்த்தபோது, போனைப் பிடுங்கி ஓலைப்பெட்டியில் போட்டதும் அவள்தான்.

அவளுக்கு ஒரே மகள், செல்லக்கனி. காரியாபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. அப்போது நிறைமாதம். நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கண்காட்சிக்கு வர முடியவில்லை. "அவ அப்பன் பிள்ள தம்பி. கடைசியா அவளும் முகம் பாக்கல. இந்தக் குரல அவ கேட்டுட்டா எனக்குப் போதும்" என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்போதுதான் ஒருநாள் ஹரிஷ்குமார் பார்வையாளர்களிடம் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இந்தக் குரல்களுக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டாம். கண்காட்சி முடிகிற அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவானாம். ஆட்கள் தடயமில்லாமல் போவதுபோலக் குரல்களும் போக வேண்டுமாம், அதுதான் அவனுடைய படைப்பாம். வந்தவர்கள் கண்கலங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், அடுப்படியில் உனக்குத்தான் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள். "தம்பி, மத்த குரல என்ன செஞ்சாலும் செய்யுங்க. அந்த ஒண்ண மட்டும் எனக்கு விட்டுட்டுப் போங்க. எம் மக இன்னும் கேக்கல."

அவன் கெட்டவன் கிடையாது. சாப்பிடாமல் எழுந்துபோய் மாடியில் வெகுநேரம் நடந்துகொண்டிருந்தான். ஹர்ஷினியும் போய்ப் பேசினாள். கடைசியில் சரி என்றான். ஆனால் அதிலும் ஒரு பிடிவாதம். நகல் எடுக்க மாட்டான், கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து அப்படியே ஒரு பென்டிரைவுக்கு இடம் மாற்றிக் கொடுப்பான். அங்கேயும் இருக்காது, தன்னிடமும் இருக்காது, அக்காவிடம் மட்டும்தான் இருக்கும். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "எந்த வளியிலயாவது குடுங்க தம்பி" என்றாள்.

கடைசி நாள் வந்தது. நல்ல வெயில். ஹரிஷ்குமார் மற்ற குரல்களையெல்லாம் அழித்துவிட்டு, அய்யாதுரை குரலை மட்டும் மாற்றப் போட்டான். பழைய டிஸ்க், பெரிய பதிவு, ஊர்ந்துகொண்டு போனது. "கொஞ்ச நேரம் ஆகும்க்கா, காப்பி போட்டுட்டு வாங்க" என்றான். அக்கா அன்றைக்குப் புதுச்சேலை கட்டியிருந்தாள். அடுப்படிக்குப் போகிற வழியில் என்னிடம், "செல்லக்கனிக்கு நேத்து ஆம்பளப் பிள்ள பெறந்திருக்கு தம்பி. பேரனும் கேப்பான்ல" என்றாள்.

வெயில் மங்கியதை நான் கவனிக்கவில்லை. இடி தலைக்கு மேலேயே விழுந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. மெயின் இறங்கிய சத்தம்தான் கேட்டது. "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க!" அந்தக் குரலைக் கேட்டால் யோசிக்க நேரம் கிடையாது. நான் ஓடினேன், ஹர்ஷினி ஓடினாள், ஹரிஷ்குமாரும் ஓடிவந்தான். முற்றத்தில் பெரிய பெரிய தூறலாக விழுந்தது. அக்கா எங்களை விரலால் எண்ணினாள். எல்லோரும் வந்துவிட்டோம். அவள் முகத்தில் அந்த நிம்மதி வந்தது.

பிறகு அவள் ஹரிஷ்குமாரின் முகத்தைப் பார்த்தாள். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு கறுப்புத்துணி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெயினை நான்தான் ஏற்றினேன். டிஸ்க் கட் கட் என்று அடித்துக்கொண்டதே தவிரத் திறக்கவில்லை. பென்டிரைவில் வெறும் பெயர் மட்டும் இருந்தது, அதற்குள் சத்தம் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். சென்னைக்கு அனுப்பினோம். ஒன்றும் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்னால், அன்றைக்கே, ஹரிஷ்குமார் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, எல்லாம் என்னால்தான் என்று அழுதான். யு.பி.எஸ் இருந்திருந்தால், நகல் எடுத்திருந்தால், முதல் நாளே கொடுத்திருந்தால் என்று அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அக்கா அவன் தலையைத் தடவி, "நீங்க என்ன செய்வீக தம்பி" என்றாள். ஆறிப்போன காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவினாள். நான்கூட ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "அவுக சொல்லிக் குடுத்ததத்தான செஞ்சேன்" என்றாள். நான் ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு இடி இடித்தால் அக்கா அசைவதில்லை. ஐப்பசியில் வானமே பிளந்துகொண்டு பெய்தபோது அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை விரட்டி வெளியே கூட்டிவர எனக்குத்தான் கை பரபரத்தது. ஹர்ஷினி மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு மெயினையே பார்த்தபடி நின்றாள். கரண்ட் போகவே இல்லை.

தீபாவளி கழிந்து செல்லக்கனி கைப்பிள்ளையோடு கிட்டங்கிக்கு வந்தாள். கறுப்புத்துணியைக் கழற்றியாகிவிட்டது. அடுத்த கண்காட்சிக்கு அந்த அறையில் வெள்ளையடித்திருந்தார்கள். நான் ஏணியில் நின்று லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். குரல் போன விவரம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும், "அப்பா குரல் கேட்ட எடத்தக் காட்டும்மா" என்றாள். அக்கா ஒரு மூலையில் கிடந்த முக்காலியை எடுத்து நடுவில் போட்டு மகளை உட்காரவைத்தாள். பேரனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீதான் தெனம் கேட்டயே. என்ன பேசுனாக, சொல்லு."

அக்கா பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். "எம் பேரு அய்யாதுரை. தாயில்பட்டி. போர்மேனா இருக்கேன்." அவர் இழுத்த இடத்தில் இழுத்தாள். இரும வேண்டிய இடத்தில் இருமினாள். ஒரு எழுத்து மாறவில்லை. செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் கையில் பல்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"வானம் உறுமுச்சுன்னா மட்டும் ஒண்ணையும் பாக்கக்கூடாது. கையில இருக்கிறத மெதுவா வச்சிட்டு, மெயின எறக்கிட்டு, வெளிய வந்துரணும்."

நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அம்புட்டுத்தான். போதுமா தம்பின்னு எந்திரிச்சிட்டாக."

செல்லக்கனி கண்ணைத் திறந்தாள். "உன்னயப் பத்தி ஒண்ணுமே சொல்லலையாம்மா?"

அக்கா நிமிர்ந்து ஏணியில் நிற்கும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேரனின் துணியைச் சரிசெய்தாள்.

"இல்ல" என்றாள். "ஒண்ணும் சொல்லல."

நான் பல்பை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.